மூத்தவள் எடுத்த குட்டி

சண்முகவள்ளிக்கு ஒரு நாயைப் பார்த்து வயிறு எரிந்தது என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். அடுத்தவள் கழுத்துச் சங்கிலியைப் பார்த்து எரியலாம், மாடி வீட்டைப் பார்த்து எரியலாம். நாலு காலும் ஒரு வாலும் உள்ள வாயில்லாச் சீவனைப் பார்த்து எரியுமா? எரிந்தது. நன்றாகவே எரிந்தது. காலையில் எழுந்து வாசல் தெளிக்கும்போது பற்றிக்கொண்டால் ராத்திரி பாயை விரிக்கிறவரை அடங்கவில்லை.

நிலக்கோட்டைக்கு இந்தப் பக்கம், ரோட்டை விட்டுக் கொஞ்சம் உள்ளே தள்ளி அவர்கள் தோட்டம். அண்ணன் தம்பி இரண்டு பேருக்கும் ஒட்டினாற்போல மல்லித் தோட்டம், ஒட்டினாற்போல வீடு. நடுவில் சுவர் கிடையாது, வேலி கிடையாது, செம்பருத்திச் செடிதான் வரிசையாக நட்டிருந்தது. அண்ணன் உடையப்பனின் மனைவி சண்முகவள்ளி. தம்பி விக்னேஷ்குமார் நாள் கழித்துக் கல்யாணம் முடித்தவன். அவன் மனைவி ஜீவிதா சண்முகவள்ளியைவிட ரொம்ப இளையவள். அக்கா அக்கா என்றுதான் கூப்பிடுவாள். எதிர்த்து ஒரு வார்த்தை பேசினதில்லை.

மூத்தவள் முதலில் எடுப்பாள், மிச்சத்தை இளையவள் எடுத்துக்கொள்வாள். இது அந்தக் குடும்பத்தில் யாரும் பேசி வைத்ததல்ல, அப்படியே நடந்துகொண்டிருந்தது. தோட்டத்தைப் பிரிக்கும்போது சண்முகவள்ளி கிணற்றுப் பக்கம் வேண்டும் என்றாள், கொடுத்தார்கள். அடுத்த வருசமே மேட்டுப் பக்கம் விக்னேஷ்குமார் போர் போட்டான். தண்ணீர் பீய்ச்சிக்கொண்டு வந்தது, கிணறு வற்றிப்போனது. தீபாவளிக்கு இரண்டு சேலை எடுத்து வந்தால் பட்டுக்கரை போட்டதைச் சண்முகவள்ளி எடுத்துக்கொள்வாள். மிச்சமிருந்த பச்சையை ஜீவிதா கட்டிக்கொண்டு வந்து நிற்கும்போது, பார்க்கிறவர்கள் எல்லாம் எந்தக் கடையில் எடுத்தது என்று அவளிடம்தான் கேட்பார்கள். இது ஒரு தடவை இரண்டு தடவை என்றால் பொறுத்துக்கொள்ளலாம். எடுக்கிறதெல்லாம் இவள், விளங்குகிறதெல்லாம் அவளுக்கு என்றால் மனுசி என்னதான் செய்வாள்?

நாய் விசயத்திலும் அதுதான் நடந்தது.

யாரோ மோட்டார் வயரை அறுத்துக்கொண்டு போனதிலிருந்து ஆளுக்கொரு நாய் வளர்ப்போம் என்று பேச்சு வந்தது. திண்டுக்கல்லில் ஞானதாஸ் வாத்தியார் வீட்டு மாதா படத்துக்கு விக்னேஷ்குமார் வாரா வாரம் பூக் கொடுப்பான். அவர் வீட்டில் லாப்ரடார் சாதி நாய் ஒன்று, லேப் என்பார்கள், குட்டி போட்டிருந்தது. இரண்டு பெண்களையும் பூ வேனில் ஏற்றிக் கூட்டிக்கொண்டு போனான்.

வாத்தியார் மனைவி இஞ்ஞாசியம்மாள் மாட்டுத் தொழுவம் மாதிரி இருந்த பின்பக்கத்துக்குக் கூட்டிப் போய்க் காட்டினாள். "ஆத்தா அசல் லேப்பு. அப்பன் யாருன்னு எனக்குத் தெரியாது, அவளத்தான் கேக்கணும். கேட்டுல பூட்டு இருந்துச்சு, செவுரு ஏறிக் குதிச்சு எவனோ வந்துருக்கான். ஆனா குட்டிக எல்லாம் தங்கம்" என்றாள்.

மிச்சமிருந்தது இரண்டு. இரண்டும் சந்தன நிறம். ஒன்று கொழுகொழுவென்று பந்து மாதிரி உருண்டது. இன்னொன்று அதன் முதுகில் ஏறத் தெரியாமல் விழுந்து விழுந்து எழுந்தது. சண்முகவள்ளி யோசிக்கவே இல்லை, கொழுத்ததைத் தூக்கிக்கொண்டாள். அடையாளத்துக்குப் பூக்கட்டுகிற நூலைக் கழுத்தில் சுற்றி முடிச்சுப் போட்டாள். இரண்டையும் ஒரே பூக்கூடையில் போட்டுத் திரும்பினார்கள். வழியிலேயே குட்டிகள் ஒன்றையொன்று கடித்து விளையாடி நூலைத் தின்றுவிட்டன. வீட்டில் இறக்கும்போது இருட்டிவிட்டது. எது யாருடையது என்று கேட்டதற்கு, சண்முகவள்ளிதான் இரண்டையும் கையில் தூக்கி எடை பார்த்து, "இதுதேன் கனமா இருக்கு, இதுதேன் என்னுது" என்று மறுபடியும் முதலில் எடுத்தாள். ஆக, ஒரே குட்டியை இரண்டு தடவை தேர்ந்தெடுத்த ஒரே மனுசி இந்த வட்டாரத்திலேயே அவளாகத்தான் இருப்பாள்.

அதற்கு சுல்தான் என்று பேர் வைத்தாள். ஜீவிதா தன்னுடையதை லட்டு என்று கூப்பிட்டாள். லட்டாம் லட்டு என்று சண்முகவள்ளி சிரித்தாள்.

மூன்று மாசம் சிரித்தாள். நாலாம் மாசம் சுல்தானின் மூஞ்சி நீள ஆரம்பித்தது. காது விறைத்து நிமிர்ந்தது. வால் சுருண்டு முதுகுக்கு மேலே போனது. கொழுப்பெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை, விலா எலும்பு தெரிந்தது. செவுரு ஏறிக் குதித்த அந்த அப்பனை அப்படியே உரித்து வைத்திருந்தது. அங்கே லட்டுவோ நாளுக்கு நாள் நெஞ்சு விரிந்து, காது மடங்கி, தேன் நிறமாக மினுங்கிக்கொண்டு வந்தான். பூ எடை போட வருகிற ஏவாரி பைசல் முதலில் அங்கே வண்டியை நிறுத்தி அவன் தலையைத் தடவிவிட்டுத்தான் தராசையே எடுப்பான். "லேப்பாக்கா? எங்க வாங்குனீங்க? எனக்கு ஒண்ணு சொல்லிவிடுங்கக்கா." இந்தப் பக்கம் வந்து சுல்தானைப் பார்த்தால், "இது கடிக்குமா?" என்று மட்டும் கேட்பான்.

சண்முகவள்ளி சும்மா இருக்கவில்லை. தினம் ஒரு முட்டை, சோற்றில் நெய், ஞாயிற்றுக்கிழமை கோழி ஈரல் என்று சுல்தானுக்குப் போட்டுப் பார்த்தாள். தலைக்குப் போடுகிற ஷாம்பூவைப் போட்டுத் தேய்த்துக் குளிப்பாட்டினாள். சுல்தானுக்கு வயிற்றுப்போக்குத்தான் வந்தது. மாட்டாஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனாள். அங்கே டாக்டர் முஹ்சினா என்று ஒரு பிள்ளை, வயசு கம்மி, வாய் கம்மியில்லை.

"என்னம்மா போட்டீங்க?"

"நெய்ச்சோறு."

"நாய்க்கா, மாப்பிள்ளைக்கா?"

"ஒடம்பு வைக்கட்டும்னுதேன். இதோட கூடப்பொறந்தது லேப்பு மாதிரி இருக்கு. இது இப்பிடி இருக்கு."

"ஒரு வயித்துல பொறந்த எல்லாம் ஒண்ணு போலவா இருக்கு? இவன் நாட்டு நாய் வாகு. இந்த வெயிலுக்கு ஏத்த ஒடம்பு, கூழு குடிச்சாலும் ஓடுவான். அந்த இன்னொண்ணு இருக்கே, அதத்தான் பாத்து வளக்கணும். லேப் வாகுக்கு வயித்துக்கு எல்லை தெரியாது, போட்டதெல்லாம் தின்னும். அளந்து போடணும். மடங்குன காது, வாரம் ஒருக்கா தொடைக்கணும். முடி கொட்டும். வெயில் ஆகாது. நீங்க அதிர்ஷ்டசாலிம்மா, சும்மா கெடக்குற நாய வாங்கியிருக்கீங்க."

அதிர்ஷ்டசாலி என்றதும் அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. முடி கொட்டுமாம், வெயில் ஆகாதாம். கஷ்டம் கொடுக்கிற பொருளுக்குத்தானே உலகத்தில் மதிப்பு.

எரிகிற தீயில் எண்ணெய் ஊற்றினது அவள் பெற்ற மகள். தமிழ்மதியைக் கோயம்புத்தூரில் கட்டிக்கொடுத்திருந்தது. வீடியோவில் கூப்பிட்டு, சாப்பிட்டியாம்மா என்று ஒரு வார்த்தை கேட்பாள், அடுத்த வார்த்தை, "சித்தி வீட்டு லட்டுவக் காட்டும்மா" என்பாள்.

"நம்ம சுல்தான் இருக்கான், பாரு."

"அவன எத்தன தடவ பாக்குறது? எங்க மாமியார் லட்டுவப் பாக்கணுங்குறாங்க. போன எடுத்துக்கிட்டு சித்திகிட்டப் போம்மா."

பெத்த தாய் செம்பருத்திச் செடியைத் தாண்டி, ஓரகத்தி வீட்டு வாசலில் நின்று, அவள் நாய்க்கு முன்னால் போனைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். நின்றாள். ஒரு வருசத்துக்கு மேல் அப்படி நின்றிருக்கிறாள். இந்த வைகாசித் திருவிழாவுக்கு மாமியாரையும் கூட்டிக்கொண்டு வருகிறேன், லட்டுவோடு போட்டோ எடுக்க வேண்டும் என்று தமிழ்மதி சொன்ன அன்றைக்குச் சண்முகவள்ளி ஒரு முடிவுக்கு வந்தாள்.

பூ எடுத்து அனுப்பிவிட்டு, வெயில் ஏறுகிற நேரம். ஜீவிதா துவைகல்லில் உட்கார்ந்து லட்டுவின் காதைப் பஞ்சால் துடைத்துக்கொண்டிருந்தாள். சண்முகவள்ளி அகத்திக்கீரையை உருவிக்கொண்டே பக்கத்தில் போய் நின்றாள்.

"ஏ ஜீவிதா, ஒண்ணு கேட்டா தப்பா நெனைக்க மாட்டியே?"

"கேளுங்கக்கா."

"அன்னைக்கி வேன்ல வந்தப்ப என் குட்டி கழுத்துல நூலு கட்டிவிட்டேன்ல."

"ஆமா. லட்டு கடிச்சுத் தின்னுருச்சு."

"எது லட்டு? அப்ப லட்டுன்னு ஏது? எது கடிச்சதுன்னு யாரு பாத்தா? நூலு போன பெறகு என் குட்டி எது, உன் குட்டி எதுன்னு யாருக்குத் தெரியும்?"

"நீங்கதான மறுபடி தூக்கிப் பாத்து எடுத்தீங்க?"

"இருட்டுல எடுத்தது எடுத்ததாகுமா? செத்த நேரம் வெளிச்சம் இருந்திருந்தா நான் இதத்தேன் எடுத்திருப்பேன். மொதல்ல நான் எடுத்தது இதுதேன். என் மனசுக்குத் தெரியுது."

அப்படியெல்லாம் அவள் மனசுக்கு ஒன்றும் தெரியவில்லை. கொழுத்த குட்டிதான் சுல்தான், அது அவளுக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் ஒரு வருசமாகத் தனக்குத்தானே சொல்லிச் சொல்லி அது பாதி நிசமாகிவிட்டிருந்தது. ஜீவிதா மாட்டேன் என்பாள், அதற்கு என்ன சொல்ல வேண்டும், அதற்கு மேலே அவள் பேசினால் எதை இழுக்க வேண்டும் என்று கிணற்றுத் தண்ணியிலிருந்து பச்சைச் சேலை வரைக்கும் வரிசையாக அடுக்கி வைத்துக்கொண்டுதான் வந்திருந்தாள்.

"இப்ப என்னக்கா செய்யணுங்குறீங்க?"

"மாத்திக்குவோம்."

ஜீவிதா நிமிர்ந்து பார்க்கவில்லை. அழுக்குப் பஞ்சைத் தூரப் போட்டாள். புதுப் பஞ்சை எடுத்து மற்ற காதையும் துடைத்து முடித்தாள்.

"சரிக்கா" என்றாள்.

"சரியா?"

"மூத்தவுக கேக்குறீங்க. நாளைக்கே மாத்திக்குவோம். இவனுக்குக் காது மட்டும் விடாம தொடச்சிருங்க. நாத்தம் வந்தா சீக்கு புடிச்சிருச்சுன்னு அர்த்தம்."

அடுக்கி வைத்த சண்டையெல்லாம் வீணாகப் போய்விட்டது. சண்முகவள்ளி உருவின கீரையைக்கூட விட்டுவிட்டு வீட்டுக்கு வந்தாள். உடையப்பன் விசயத்தைக் கேட்டுவிட்டு, "ஒனக்குக் கோட்டி கீட்டி புடிச்சிருச்சா? பொண்டாட்டிய மாத்துற மாதிரி நாய மாத்துறீக" என்றார். "மாத்துனா ஒங்களுக்கு வசதியாத்தேன் இருக்கும், போயி மாட்டுக்குத் தண்ணி காட்டுங்க" என்று வாயை அடைத்தாள்.

மறுநாளே நாய்கள் இடம் மாறின. தமிழ்மதி வந்தாள், மாமியார் வந்தாள். லட்டு எல்லார் மடியிலும் ஏறிப் படுத்தான். "ஒங்க நாயா சம்பந்தி? எத்தன அழகுங்க" என்று அந்தம்மா கேட்டதும் சண்முகவள்ளிக்கு உள்ளங்கால்வரை குளிர்ந்தது. ஆட்டுக்கறிக் குழம்பில் தன் பங்கை எடுத்து அவனுக்கே போட்டாள். திருவிழா முடிகிறவரை செம்பருத்திக்கு அந்தப் பக்கம் அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அங்கே கட்டிப் போட்டிருந்த சுல்தான் முதல் இரண்டு நாள் ஊளையிட்டது காதில் விழத்தான் செய்தது. போனால் பழகாது என்று இருந்துவிட்டாள்.

விருந்தாளிகள் போன பிறகுதான் நாய் மிஞ்சியது. வீடெல்லாம் முடி. கூட்டிப் பெருக்கித் திரும்பினால் மறுபடியும் முடி. "வெஞ்சனத்துல முடி, தண்ணிச் செம்புல முடி. எனக்கே தலையில இம்புட்டு இல்ல" என்று உடையப்பன் தட்டைத் தள்ளினார். லட்டு சோப்பைத் தின்றான், மாட்டுக்கு ஊறவைத்த புண்ணாக்கைத் தின்றான், தின்றுவிட்டு இன்னும் வேண்டும் என்று கண்ணைப் பார்த்துக்கொண்டு நின்றான். வெயில் தாங்காமல் தண்ணீர் பாய்ந்த பாத்தியைத் தோண்டி, மல்லிச் செடியின் வேரோடு படுத்துப் புரண்டான். மோட்டார் ரூமுக்குப் பக்கத்தில் முன்பின் தெரியாத ஆள் ஒருவன் வந்து நின்றபோது ஓடிப்போய் அவன் கையை நக்கினான். கேஸ் சிலிண்டர் போட வந்தவனுக்கும் அதே வரவேற்பு, சண்முகவள்ளிக்கும் அதே வரவேற்பு. இதையெல்லாம்கூட அவள் பொறுத்துக்கொண்டிருப்பாள். பொறுக்க முடியாதது தோட்டத்தில் நடந்தது.

மல்லி மொட்டை விடிகிறதுக்கு முன்னாலேயே எடுக்க ஆரம்பித்தால்தான் மார்க்கெட்டுக்குச் சேரும். தலையில் லைட்டைக் கட்டிக்கொண்டு, மடியைச் செருகிக்கொண்டு, செடி செடியாகக் குனிந்து போக வேண்டும். லைட் வெளிச்சம் கை எட்டுகிற தூரம்தான் தெரியும். அதற்கு அந்தப் பக்கம் கருக்கிருட்டு. பாம்பு கிடந்தாலும் தெரியாது, ஆள் நின்றாலும் தெரியாது. சுல்தான் இருந்தவரை அவள் அதைப் பற்றி நினைத்ததே இல்லை. லட்டு அந்த நேரத்துக்கு எழுந்திருக்க மாட்டான். ஃபேனுக்கு அடியில் மல்லாந்து கிடப்பான். விருந்தாளிகள் இருந்தவரை வீட்டோடு இருந்தவள் இப்போது தனியாகப் போனாள். முதல் நாள் ஒன்றும் தெரியவில்லை. இரண்டாம் நாள் வரப்பில் ஏதோ சரசரத்தபோது கையை இழுத்துக்கொண்டு பின்னால் நகர்ந்தாள். அப்போதுதான் பக்கத்துத் தோட்டத்திலிருந்து சத்தம் வந்தது.

"ஏலே அப்பு, அங்கிட்டு என்னல மோப்பம்? வா இங்கிட்டு. ஆத்தி, கோவத்தப் பாரு."

ஜீவிதா. விக்னேஷ்குமார் துணைக்கு வராமல் இருட்டில் பூ எடுக்க இறங்கவே மாட்டாத ஜீவிதா, தனியாக நாயோடு பேசிச் சிரித்துக்கொண்டு பூ எடுக்கிறாள். அந்த லைட்டுக்கு முன்னால் சுருண்ட வால் ஒன்று போய்க்கொண்டிருக்கிறது.

இந்த எரிச்சலுக்கு முன்னால் பழைய எரிச்சலெல்லாம் ஒன்றுமில்லை என்று ஆனது. என் வீட்டுச் சோறு தின்று வளர்ந்த நாய். நான் வைத்த பேர் இருக்க, அப்பு என்று கூப்பிடுகிறாள். அதுவும் போகிறது. நன்றி கெட்ட நாய், இங்கே ஒருத்தி நிற்கிறாளே என்று திரும்பிப் பார்க்கிறதா? அன்றைக்கு எடுத்த மொட்டுகளையெல்லாம் சண்முகவள்ளி காம்போடு பிய்த்து மடியில் போட்டாள். பத்து நாள் அந்தச் சிரிப்பைக் கேட்டுக்கொண்டே பூ எடுத்தாள். அதற்கு மேல் முடியவில்லை. வெளுக்கத் தொடங்கின நேரம், மடிப்பூவோடு வரப்பைத் தாண்டி நேரே போனாள்.

"ஜீவிதா, என் நாயக் குடுத்துரு."

ஜீவிதா தலை லைட்டை அணைத்தாள். "மாத்திக்கிட்டோம்லக்கா."

"திரும்ப மாத்திக்குவோம். லட்டுவ நீயே வச்சுக்க. உனக்குந்தேன அவன் மேல பாசம்?"

"பாசந்தான், இல்லைங்கல. வாரம் ஒருக்கா வந்து காதத் தொடச்சு விட்டுட்டுப் போறேன். ஆனா சுல்தானத் தர மாட்டேன்."

மாட்டேன் என்கிற வார்த்தையை அவள் வாயிலிருந்து சண்முகவள்ளி கேட்டதே இல்லை.

"என்னடி சொன்ன?"

"தர மாட்டேங்கா. கெணத்துப் பக்கம் கேட்டீங்க, சரின்னோம். லட்டுவக் கேட்டீங்க, சரின்னேன். அன்னைக்கி நீங்க கேட்டப்ப எனக்கு நெஞ்சு அடிச்சுக்கிருச்சு. எங்க நீங்க மனசு மாறிருவீங்களோன்னுதான் நிமிந்துகூடப் பாக்கல."

"எதுக்கு?"

"சுல்தான் எனக்கு வேணும்னு ரொம்ப நாளா நெனச்சேன். வாய் விட்டுக் கேக்க முடியல."

"பொய் சொல்லாத. மகாராசா மாதிரி லட்டுவ வச்சுக்கிட்டு இந்த எலும்பன எதுக்குடி நெனச்ச?"

"பொறாமதான்கா" என்றாள் ஜீவிதா. "ஒங்களப் பாத்துப் பொறாம."

சண்முகவள்ளி இன்னும் கிட்டே வந்தாள். "என்னப் பாத்தா?"

"ஆமா."

"நீயா?"

"ஆமாக்கா. சொல்லுறதுக்கு என்ன இருக்கு, பொறாமதான்."

சண்முகவள்ளி வரப்பில் உட்கார்ந்தாள். பூ மடியிலிருந்து சரிந்ததை அவள் கவனிக்கவில்லை. கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்து எத்தனை காலம் ஆகிறது. தன்னைப் பார்த்து ஒருத்தி பொறாமைப்பட்டிருக்கிறாள், அதுவும் இவள். அடிவயிற்றிலிருந்து ஒரு இனிப்பு ஏறியது. அதை அவளால் மறைக்க முடியவில்லை.

"என்னன்னு பொறாமப்பட்ட? வெவரமாச் சொல்லு."

"என்னத்தச் சொல்ல? இருட்டுல நீங்க பாட்டுக்குப் பூ எடுத்துக்கிட்டுப் போவீங்க. ஒங்க லைட்டுக்கு முன்னாடி இவன் போவான். நீங்க ஒரு செடியில நின்னா இவனும் நிப்பான். நீங்க இடுப்பப் புடிச்சுக்கிட்டு நிமிந்தா, இவனும் திரும்பி ஒங்களப் பாப்பான். நான் எங்க வீட்டு ஜன்னல்ல நின்னு பாப்பேன். இங்கிட்டு லட்டு கொறட்ட விட்டுக்கிட்டுக் கெடப்பான்."

"அப்பறம்?"

"மழை பேஞ்சப்ப நீங்க மோட்டார் ரூமுல ஒதுங்குனீங்கள்ல, இவன் உள்ள வராம வாசல்லயே நனைஞ்சுக்கிட்டு ஒக்காந்துருந்தான், யாரும் வந்துருவாங்களோன்னு. போன ஐப்பசியில ஒங்களுக்குக் காச்சல் வந்து படுத்திருந்தீங்க. இவன் தனியா வந்து ஒங்க தோட்டத்துல ஒவ்வொரு பாத்தியா நடந்துட்டுப் போனான். ஒங்கள அங்க காங்கலையாம்."

"அப்பறம்?" என்றாள் சண்முகவள்ளி. குரல் முன்னைப்போல இல்லை.

"பைசல் அண்ணன் தராசுல கைய வச்சா உறுமுவானே, அது எதுக்குன்னு நெனச்சீங்க? அது ஒங்க பூவுல்லக்கா. நீங்க குடுத்தாத்தான் விடுவான். நீங்க சோறு வச்சுட்டு உள்ள போயிருவீங்க. நீங்க திரும்ப வந்து பாக்குறவரைக்கும் வாய வைக்க மாட்டான். நீங்க வந்து, 'தின்னு சனியனே'ன்னு சொல்லுவீங்க. அப்பறந்தான் தின்பான். இப்ப நான் சொல்லுறேன். அப்பு, சாப்டுடான்னு சொன்னா அசைய மாட்டேங்குறான். சனியனேன்னு சொன்னாத்தான் திங்குறான்."

ஜீவிதா சிரித்தாள். சண்முகவள்ளி சிரிக்கவில்லை. முந்தானையை எடுத்து முகத்தில் அழுத்திப் பிடித்துக்கொண்டாள். சுல்தான் கொஞ்சம் தள்ளி வரப்பைக் கால்களால் பறண்டிக்கொண்டிருந்தான்.

"நான் இதெல்லாம் பாக்கவே இல்லையே ஜீவிதா."

"நான் பாத்தேங்கா" என்றாள் ஜீவிதா. "தெனமும் பாத்தேன்."

ரோட்டில் பூ வேன் ஹாரன் அடித்தது. ஜீவிதா அவசரமாகக் குனிந்து, கொட்டிக் கிடந்த மொட்டுகளை மண் ஒட்டாமல் பொறுக்கிச் சண்முகவள்ளியின் மடியில் போட்டாள். சண்முகவள்ளி அவள் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"வேன் போனாப் போகுது. அந்தக் காச்சல்ல கெடந்தேன்னியே, அதச் சொல்லு. எந்தெந்தப் பாத்தியில தேடுனான்?"